மாநாட்டுக்கு அனுப்புவது சரி, பணம் எப்போது வரும்?

கேள்வி: 3 ஆகஸ்ட் 2025

என் அண்ணன் மகள் லேசர் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். மூன்றாம் ஆண்டு. மிகத் தீவிரமான லேசர் ஒளி பொருளின்மீது பட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவள் தலைப்பு. ஐரோப்பாவில் நடக்கும் ஒரு மாநாட்டுக்குத் தன் ஆய்வின் சுருக்கம் அனுப்பப் போகிறாளாம். விமானம், விசா, தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சம் ஆகிறது. அங்கே போய் என்னம்மா செய்வாய் என்று கேட்டால், "ஒரு போஸ்டரை மாட்டிவிட்டு இரண்டு மணி நேரம் பக்கத்தில் நிற்பேன் சித்தப்பா" என்கிறாள். நான் வங்கியில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டுரைகளெல்லாம் இணையத்தில் சும்மாவே கிடைக்கிற காலத்தில் இதற்கு அரசாங்கம் செலவழித்தாலும் வீண், வீட்டார் செலவழித்தாலும் வீண் என்பது என் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு 10.20

வீண் இல்லை சார். நானும் அப்படி நின்றவன்தான். 2018 செப்டம்பர், ஜெர்மனியில் லிண்டாவ், அதிஉயர் தீவிர லேசர்களுக்கான ஐ.சி.யு.ஐ.எல். மாநாடு. கையில் போஸ்டர், பையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல். மீதியை நாளைக்கு எழுதுகிறேன். பையனைத் தூங்க வைக்க வேண்டும்.

4 ஆகஸ்ட், காலை

நேற்று விட்ட இடம்.

எங்கள் லேப்பில் இருந்தது டைட்டானியம் சஃபையர் லேசர். ஒரு துடிப்பின் நீளம் சுமார் 30 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஒரு ஃபெம்டோ வினாடி. அந்தத் துடிப்பைச் சில மைக்ரான் அகலப் புள்ளியில் குவித்தால் தீவிரம் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை வாட் என்று சொல்ல, ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியம் போட வேண்டும். அங்கே எலக்ட்ரான் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஆடும். கண்ணாடியோ தாமிரமோ, பட்ட இடம் பிளாஸ்மாதான், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்து வந்த கொதிக்கும் கலவை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் டார்கெட்டைக் கொஞ்சம் நகர்த்தி, புது இடம் காட்ட வேண்டும். நாள் முடிந்து கண்ணாடியை வெளியே எடுத்துப் பார்த்தால் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசையாகக் குழிகள் இருக்கும்.

எங்கள் தொல்லை இது. அதே லேசர், ஏறத்தாழ அதே ஆற்றல், அதே கண்ணாடி. ஒரு நாள் அந்தப் பிளாஸ்மாவிலிருந்து எக்ஸ்-ரே அள்ளிக்கொண்டு வரும், மறுநாள் அதில் பாதிகூட வராது. எட்டு மாதம் இதிலேயே போயிற்று. கேபிளை மாற்றினோம், டிடெக்டரை மாற்றினோம். சேம்பருக்கு எலுமிச்சம்பழம் சுற்றலாமா என்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

லிண்டாவில் என் போஸ்டரின் கீழ் மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருந்தது. துடிப்பின் வடிவத்தை நேரத்துக்கு எதிராகப் போட்டது. முக்கியத் துடிப்புக்கு 30 பிக்கோ வினாடி (ஒரு பிக்கோ என்பது ஆயிரம் ஃபெம்டோ) முன்னால் ஒரு சின்ன மேடு தெரியும். நான் அதை இரைச்சல் என்று எழுதி வைத்திருந்தேன். நரைத்த தலை, கையில் காப்பிக் கோப்பை, ஒரு அம்மையார் வந்தார். என் தலைப்பைப் படிக்கவில்லை. எட்டு மாத உழைப்பு என்று நான் பெரிதாகப் போட்டிருந்த நடுப் படத்தையும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து அந்த மேட்டின்மேல் விரலை வைத்தார். "30 பிக்கோ வினாடி. உங்கள் ஆம்ப்ளிஃபையரில் 4.5 மில்லிமீட்டர் தட்டைக் கண்ணாடி ஏதாவது இருக்கிறதா?" அவ்வளவுதான் கேட்டார். அவர் பெயர் அட்டை திரும்பிக் கிடந்தது. எந்த ஊர் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பி மூன்றாம் வாரம் கண்டுபிடித்தோம். துடிப்பைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குள் அந்தத் தட்டைக் கண்ணாடி இருந்தது. அதை எடுத்துவிட்டு, இரண்டு முகமும் இணையாக இல்லாத ஆப்பு வடிவக் கண்ணாடி போட்டோம். மேடு போயிற்று. எக்ஸ்-ரே ஒழுங்குக்கு வந்தது. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அந்த விரல்தான்.

5 ஆகஸ்ட்

திருத்தம். 4.5 இல்லை, 3 மில்லிமீட்டர். கீழே பின்னூட்டத்தில் ஒரு மாணவி சரியாகப் பிடித்துவிட்டார். 30 பிக்கோ வினாடியில் ஒளி வெற்றிடத்தில் 9 மில்லிமீட்டர் போகும். தட்டைக் கண்ணாடியின் இரண்டு முகத்திலும் தெறித்த கொஞ்சம் ஒளி உள்ளேயே ஒரு தடவை போய்த் திரும்பி, பின்தங்கி வரும். போய்த் திரும்புவதால் பாதி, 4.5. அதோடு நிறுத்திவிட்டேன். கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது உள்ளே ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகும் என்பது, சுமார் 1.5, அதாலும் வகுத்தால் 3. அந்த அம்மையார் 3 என்றுதான் சொல்லியிருப்பார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே மனக்கணக்காகப் போட்டவர். நான் ஏழு வருடம் கழித்து உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது தப்பாகப் போடுகிறேன்.

6 ஆகஸ்ட்

"கண்ணாடிக்குள் இரண்டு தடவை கூடுதலாக ஓடிய ஒளி பின்னால்தானே வரும், முன்னால் எப்படி வந்தது?" என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி, எனக்கும் அன்றைக்கு இதேதான் இடித்தது.

இந்த லேசர்களில் துடிப்பை நேரடியாகப் பெருக்க முடியாது, பெருக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடியும் படிகமும் வெடிக்கும். அதனால் முதலில் துடிப்பை இழுத்து நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் சுருக்குகிறார்கள். இயற்பியலாளர்கள் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ழெரார் மூரூவும் 1985-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் செய்துகாட்டியது. நீட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது 1.4 கிலோமீட்டர் ஒளியிழை. நீட்டிய நிலையில் துடிப்பு நூற்றுக்கணக்கான பிக்கோ வினாடி நீளம். 30 பிக்கோ வினாடி பின்தங்கிய நகல் அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். இரண்டும் குறுக்கிட்டு ஒரு வரிவரியான ஏற்ற இறக்கம் உண்டாகும். தீவிரம் கூடிய இடத்தில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் துளி கூடும். அதனால் அந்த வரி ஒளியலையின் கட்டத்திலும், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதிலும், பதிந்துவிடுகிறது. சுருக்கும்போது பின்னால் ஒரு நகலும், முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்த மாதிரி முன்னால் இன்னொன்றும் கிடைக்கும். பின்னால் வருவதைப் பற்றிக் கவலை இல்லை, முன்னால் வருவதுதான் வில்லன்.

எவ்வளவு சின்ன வில்லன் என்றால், முக்கியத் துடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். 18 சுழியத்தில் நான்கு போனாலும் 14 மிச்சம். திடப்பொருளின் மேற்பரப்பைப் பிளாஸ்மாவாக்க அது போதும். முக்கியத் துடிப்பு வந்து சேரும்போது அங்கே டார்கெட் கண்ணாடி இருக்காது, கண்ணாடியின் ஆவி இருக்கும். ஆம்ப்ளிஃபையரின் நிலை நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும், அதோடு மேட்டின் உயரமும் மாறும். எட்டு மாத மர்மம் இவ்வளவுதான்.

6 ஆகஸ்ட், இரவு

வங்கி சார், உங்கள் பதிலைப் பார்த்தேன். "இதெல்லாம் கட்டுரைகளில் இல்லையா?"

இருந்தது. எனக்கு முன்னால் பத்து வருடமாக இருந்தது. எதைத் தேட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாது. இரைச்சல் என்று நானே பெயர் வைத்த ஒன்றை நான் எதற்குத் தேடப் போகிறேன்? "மின்னஞ்சலில் கேட்டிருக்கலாமே" என்கிறார் இன்னொருவர். யாரிடம்? என்னவென்று?

9 ஆகஸ்ட்

இப்போது பணத்துக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சலும் இங்கேதான்.

2018-ல் என் உதவித்தொகை மாதம் 28,000. சீனியர் ஃபெலோவுக்கு அவ்வளவுதான். 2019 ஜனவரியில் 35,000 ஆயிற்று, 2023 ஜனவரியில் 42,000. ஜூனியருக்கு இதே வரிசையில் 25,000, 31,000, 37,000. ஒவ்வொரு உயர்வுக்கு முன்னாலும் ஆய்வு மாணவர்கள் தெருவில் நின்றார்கள். மொத்தச் செலவு எனக்கு 1,38,000 ஆயிற்று. பயண உதவி கிடைத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். கிடைத்தது என்றால், காகிதம் கிடைத்தது. "நீங்கள் போய்வந்து, ரசீதுகளைக் கொடுத்தால், விதிகளுக்கு உட்பட்டுத் திருப்பித் தரப்படும்" என்ற காகிதம். டிக்கெட் எடுப்பவர் அந்தக் காகிதத்தைக் காட்டினால் சீட்டு கொடுப்பாரா?

அம்மா ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து 80,000 கொடுத்தார். தள்ளி எடுத்ததில் நஷ்டம் எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பன் 30,000. மிச்சம் என் கையிலிருந்து. திரும்பி வந்து ரசீது கொடுத்தேன். ஏழு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதிலும் தங்கும் செலவு கிடையாது.

எங்கள் பேட்ச்சில் என்னைவிட நன்றாக வேலை செய்த ஒருவன் இருந்தான். வெல்டிங் பட்டறை வைத்திருந்தவரின் மகன். அவன் சுருக்கமே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் போஸ்டர் இல்லை, மேடைப் பேச்சே கிடைத்திருக்கும். வீட்டில் கேட்க முடியாது என்று விட்டுவிட்டான். ஆக, உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது? எப்படியோ பணம் புரட்டத் தெரிந்தவனுக்கு.

வீண் செலவா என்று கேட்டீர்கள் சார். தொகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அதே தொகை போவதற்கு முந்தைய மாதம் வந்திருந்தால் அது வேறு பணம்.

9 ஆகஸ்ட், பின்னிரவு

போர்டிங் பாஸ் விஷயம் விட்டுப்போயிற்று. ரசீது கொடுக்கும்போது போர்டிங் பாஸின் அசல் துண்டு வேண்டும். அது வெப்பத்தாளில் அச்சடித்தது. புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்து, மூன்று வாரம் கழித்து எடுத்தால் வெள்ளைத் தாள். அக்கவுண்ட்ஸில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பி, "தம்பி, நீங்க போனீங்களா?" என்றார். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரையைக் காட்டினேன். "நாட்டுக்குள் நுழைந்ததற்கு ஆதாரம் இருக்கிறது, விமானத்தில் போனதற்கு ஆதாரம் இல்லையே" என்றார். நீந்திப் போனேன் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

இறங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். எடுப்பதற்குள் போனில் ஒரு படம்.

12 ஆகஸ்ட்

ஒரு திருத்தம், பெரியது. வெல்டிங் பட்டறைக்காரர் மகன் இதைப் படித்துவிட்டான். வாட்ஸாப்பில் வந்தான். "டேய், பணம் பாதிதான். எனக்கு அப்போ பாஸ்போர்ட்டே கிடையாது. ஊர் விலாசம் ஒன்று, ஹாஸ்டல் விலாசம் ஒன்று, போலீஸ் சரிபார்ப்பில் மாட்டிக்கிச்சு. என்னை ரொம்பப் பாவமாக்காதே."

எனக்கு இது தெரியாது. ஏழு வருடமாக அவன் கதையை நான் என் வாதத்துக்கு வசதியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, இதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் வருடமே பாஸ்போர்ட் எடுக்கச் சொல்ல வேண்டியது கைடின் வேலை. மூன்றாம் வருடம் சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகு ஓடுவது நம் ஊர் வழக்கம். பணத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். பாதி என்று அவனே ஒப்புக்கொள்கிறானே.

15 ஆகஸ்ட்

எங்கெங்கே கேட்கலாம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. வைத்திருந்த சர்வதேசப் பயணத் திட்டம். 35 வயதுக்குக் கீழ் இருந்தால் சாதாரண வகுப்பு விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசா கட்டணம் என்பது அதன் அடிப்படை. 2024-ல் அந்த வாரியம் புதிய தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்.-க்குள் போய்விட்டது. ஆகவே பழைய பி.டி.எஃப்.பை நம்பாமல் இன்றைய விதியைப் பாருங்கள். மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர்.-க்கும் பயண உதவி உண்டு. ஒளியியல் சங்கங்களான ஆப்டிகா, எஸ்.பி.ஐ.இ. இரண்டிலும் மாணவ உறுப்பினர் கட்டணம் கொஞ்சம்தான், உறுப்பினராகிவிட்டால் அவர்களுடைய பயண உதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

மாநாட்டு அமைப்பாளரிடமே நேராகக் கேட்பதைத்தான் நம்மவர்கள் செய்ய மாட்டார்கள், கூச்சம். பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று நாலு வரி எழுதினால் போதும். அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் அரசு அமைப்பான என்.எஸ்.எஃப். இப்படித்தான் செய்கிறது: மாநாடு நடத்துபவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, இளைஞர்களை வரவழை என்கிறது. பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தான், நமக்கு இல்லை. ஆனால் பணம் போகும் வழியைப் பாருங்கள். அமைப்பாளர் கட்டணத்தையே வாங்காமல் விட்டுவிடலாம், அறையை அவரே போட்டுவிடலாம். மாணவன் கைக்கும் ரசீதுக்கும் நடுவில் ஏழு மாதம் இல்லை.

இத்தாலியின் த்ரியஸ்தேவில் இருக்கும் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம், ஐ.சி.டி.பி., இன்னொரு வழி. பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கியதே இதற்காகத்தான், ஏழை நாட்டு இயற்பியலாளர் தனித்துப் போய்விடக்கூடாது என்று. அங்கே பதிவுக் கட்டணம் கிடையாது. ஒளியியலுக்கு அவர்கள் நடத்தும் குளிர்காலப் பள்ளிக்கு என் ஜூனியர் ஒருத்தி போனாள். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. வாயில் வைக்க முடியாத பாஸ்தா என்று மட்டும் புகார்.

17 ஆகஸ்ட்

வங்கி சார் ஒரு மின்னஞ்சலை ஒட்டிக் கேட்டிருக்கிறார், "மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களே, உங்கள் சிறப்பான ஆய்வைக் கண்டு மகிழ்ந்து முதன்மைப் பேச்சாளராக அழைக்கிறோம்" என்று அண்ணன் மகளுக்கு வந்ததாம். அவள் இன்னும் டாக்டரே ஆகவில்லை.

குப்பையில் போடுங்கள். லேசர், பல் மருத்துவம், கோழி வளர்ப்பு மூன்றுக்கும் ஒரே கடிதம் அனுப்பும் கூட்டம் அது. நல்ல மாநாடு உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் சுருக்கம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாநாட்டுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், கைடு படிக்கச் சொன்ன கட்டுரைகளில் அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும். ஐயுபாப் ஆதரவு இருந்தால் இன்னும் நல்லது. 1922-ல் தொடங்கிய உலக இயற்பியல் ஒன்றியம் அது. ஆதரவு கொடுக்கும் மாநாட்டுக்குப் பதிவுக் கட்டண உச்சவரம்பு வைப்பார்கள். எந்த நாட்டு அறிவியலாளரையும் நாட்டைக் காரணம் காட்டித் தடுக்கக்கூடாது என்பதும் அவர்கள் நிபந்தனை.

17 ஆகஸ்ட்

கோழி வளர்ப்பை நான் கேலி செய்யவில்லை. நாமக்கல்லில் இருந்து ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். மன்னிக்கணும்.

24 ஆகஸ்ட்

வங்கி சார் கட்சி மாறுகிறார் போலிருக்கிறது. அவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன், நிறையப் பேர் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள்:

"பிரச்சினை வீண்செலவு இல்லை, இடைக்காலப் பணம் இல்லாதது என்று தெரிகிறது. எங்கள் பாஷையில் இது மிகச் சின்ன விஷயம். நிறுவனம் பத்து லட்சம் ரூபாயைச் சுழல் நிதியாக ஒதுக்கட்டும். ஒருவருக்கு ஒன்றரை லட்சம் முன்பணம். உதவிப் பணம் வந்ததும் நேராக நிதிக்கே திரும்பட்டும். ஏழு மாதச் சுழற்சி என்றால் ஒரே சமயத்தில் ஆறு பேர், வருடத்துக்குப் பத்துப் பேர். அனுமதிக் கடிதமே பிணை. வராக்கடன் ஆவதற்கு வாய்ப்புக் குறைவு. இதை ஏன் யாரும் செய்யவில்லை?"

சார், நான் ஏழு வருடமாகப் புலம்பியதை ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள். சில இடங்களில் முன்பணம் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் அது விதியாக இல்லை, கைடு போய்க் கையெழுத்துக்கு நின்றால் நடக்கும். கைடு எப்படிப்பட்டவர் என்பது அப்புறம் மாணவனின் ஜாதகம்.

2 செப்டம்பர்

மறுபடி யோசித்ததில் ஒன்று. அனுப்புவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மாநாடு இங்கே வந்தால்?

இதே ஐ.சி.யு.ஐ.எல். 2014 அக்டோபரில் கோவாவில் நடந்தது. நான் ஆராய்ச்சியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் ரயிலில் போனோம். ஸ்லீப்பர் வகுப்பு, விசா வேண்டாம், போலீஸ் வேண்டாம், போர்டிங் பாஸ் வேண்டாம். எனக்கு அப்போது பாதிப் பேச்சு புரியவில்லை என்பது உண்மை. பெட்டாவாட் (ஒன்றுக்குப் பின்னால் 15 சுழியம் போட்ட வாட்) என்ற சொல்லை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்லக் கேட்டேன். ஆனால் கட்டுரைகளில் பெயராக மட்டும் இருந்தவர்கள் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தேநீருக்கு வரிசையில் நின்றார்கள். அதற்கப்புறம் அவர்கள் கட்டுரையைப் படிக்கும்போது பயம் போய்விட்டது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆர்., இந்தூரில் ராஜா ராமண்ணா மையம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் என்று நம்மிடமும் இந்த வேலை நடக்கும் இடங்கள் உண்டு, ஆகவே வரவழைக்க நமக்குத் தகுதி இல்லாமல் இல்லை.

ஒருவனை லிண்டாவுக்கு அனுப்பும் காசில் எத்தனை பேரைக் கோவாவுக்கு ரயிலேற்றலாம் என்று வங்கி சார் கணக்குப் போடட்டும். ஆனால் முதல் வருடப் பிள்ளைக்குக் கோவா சரி. கையில் ஒரு வரைபடம் வந்த பிறகு லிண்டாவ்தான்.

3 செப்டம்பர்

லிண்டாவ் எப்படி இருந்தது என்று சுற்றுலா ஆசையில் ஒருவர் கேட்கிறார். ஏரிக்குள் தீவாக ஒரு பழைய ஊர். துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கல் சிங்கம், மறுபக்கம் கலங்கரை விளக்கம். 1951-லிருந்து நோபல் பரிசாளர்கள் இளம் அறிவியலாளர்களைச் சந்திக்கும் கூட்டமும் இதே ஊரில்தான். நாங்கள் கிளம்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 2-ஆம் தேதி மூரூவுக்கும் ஸ்ட்ரிக்லண்டுக்கும் நோபல். துடிப்பை நீட்டிப் பெருக்கிச் சுருக்குவதைச் சொன்ன அந்த 1985 கட்டுரைதான் ஸ்ட்ரிக்லண்டின் முதல் கட்டுரை, மாணவியாக இருந்தபோது எழுதியது. அறிவிப்பு வந்த மாலையில் நாங்கள் ஆப்புக் கண்ணாடிக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தோம்.

சாப்பாடு? மூன்று நாள் உருளைக்கிழங்கு. நான்காம் நாள் புளிக்காய்ச்சலைத் திறந்தேன். ஹாஸ்டல் அறையில் இருந்த கொரிய மாணவன் ஒரு வாய் கேட்டான், பிறகு பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.

21 செப்டம்பர்

மாநாட்டை இணைய வழியில் பார்த்தால் போதாதா என்று இங்கே கேட்டதற்கு நான் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. கொரோனா வருடங்களில் நான் இணைய மாநாடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சுகள் நன்றாகவே இருந்தன, நேரில் கேட்பதைவிட நன்றாகக்கூட, நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். கைக்குழந்தையோடு இருந்த என் மனைவி ஒரு முழு மாநாட்டைச் சமையலறையிலிருந்தே கேட்டாள். அவளும் இதே துறை. அவளுக்கு அந்த வருடம் வேறு எந்த உதவித் திட்டமும் உதவியிருக்காது. அதனால் இணைய வழியை வீண் என்று சொல்லமாட்டேன்.

போஸ்டர்தான் செத்துப்போயிற்று. சின்னப் பொம்மை உருவத்தை நகர்த்திக்கொண்டு போய்ப் போஸ்டர் முன்னால் நிறுத்தும் தளம் ஒன்று இருந்தது. இரண்டு மணி நேரத்தில் என் ஜூனியரிடம் வந்தது ஒரே ஒரு பொம்மை. அதுவும் வழி தெரியாமல் வந்தது. காப்பிக் கோப்பையோடு சும்மா கடந்துபோகிறவர் யாரும் இணையத்தில் கிடையாது.

இன்னொன்று, கார்டன் ஆய்வு மாநாடுகள் போன்ற இடங்களில் படம் எடுப்பதற்கும் பதிவு செய்வதற்கும் தடை உண்டு. அச்சுக்குப் போகாததைத் தைரியமாகப் பேசுவதற்காக வைத்த விதி. அங்கே பேசியது எந்த இணையத்திலும் வராது. அந்த மாநாட்டுக்கு முந்தைய வார இறுதியில் மாணவர்களும் புதிதாக முனைவரானவர்களும் தாங்களே நடத்தும் கருத்தரங்கும் உண்டு, பெரியவர்கள் இல்லாமல்.

19 அக்டோபர்

விசா. சுருக்கம் ஏற்கப்பட்ட மறுநாளே நேரம் பதிவு செய்யுங்கள். என் ஜூனியர் ஒருவனுக்கு மாநாடு தொடங்கிய மறுநாள் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது, உள்ளே அழகான விசா. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் நான் போனபோது 60 யூரோ, இப்போது 90. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், அது கேட்கிற அளவுக்குச் செலவு இல்லை. வங்கிக் கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து உட்கார்ந்தால் சந்தேகப்படுவார்கள். சீட்டு எடுத்து அம்மா போட்ட 80,000-ஐ விளக்கி நான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஏலச்சீட்டை ஆங்கிலத்தில் விளக்கியதுதான் என் வாழ்க்கையில் எழுதிய கடினமான பத்தி, ஆய்வேடு உட்பட.

7 டிசம்பர்

வங்கி சார் எழுதியிருக்கிறார். அண்ணன் மகளின் சுருக்கம் ஏற்கப்பட்டுவிட்டது. போஸ்டர்தான், பேச்சு இல்லை. பயண உதவிக்கு விண்ணப்பம் போயிற்று. அது வரும்வரை முன்பணம் சித்தப்பாவே கொடுக்கிறாராம், வட்டி இல்லாமல், ஆனால் கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு. "பழக்கம் விடவில்லை" என்கிறார். போர்டிங் பாஸை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்பதையும் பத்திரத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்திருக்கிறார்.

போஸ்டர் எங்கே அடிப்பது என்பதுதான் அவர் கேள்வி. சார், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். நான் ஊரில் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அண்ணன் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது காதுகுத்தா, நினைவஞ்சலியா?" என்றார். அறிவியல் மாநாடு என்றேன். "மேலே தலைவர் படம் எதுவும் வேண்டாமா? இடம் காலியாக இருக்கே" என்றார். சதுர அடிக் கணக்கில் அடித்துக் கொடுத்தார். மாநாட்டு அரங்கில் விளக்கு பட்டு அது கண்ணைப் பறித்தது, பெயிண்ட் வாடை வேறு. சுருட்டி வைத்த குழாயை விமானத்தில் ஏற்ற ஒரு தனிச் சண்டை.

துணியில் அடிக்கச் சொல்லுங்கள். சென்னையில் அடித்துத் தருகிறார்கள். மடித்துப் பையில் புடவைக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். அளவு 841-க்கு 1189 மில்லிமீட்டர், நீளவாக்கில், மாநாட்டுத் தளத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அது. அப்புறம், கீழ் மூலையில் எதையாவது இரைச்சல் என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் பெரிதாகவே போடட்டும்.